முதல் அலகு

சிரட்டைமலை அடிவாரத்தில் பங்குனி உத்திரத்தன்று காலை ஆறு மணிக்கே நானூற்றுப் பன்னிரண்டு பேர் அலகு குத்திக்கொள்ள வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் பத்துப் பதினோரு பேர் நின்றாலே அதிகம். கொட்டாவி விடுகிற நிலையில் அவர்களில் ஒருத்தரும் இருந்ததில்லை.

எல்லாம் ஒலிமரப்பிக்குப் பிறகு வந்த பக்தி. சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. மரப்பு மருந்துக் களிம்பைத் தடவி, அதன் மேல் இதை ஒன்றரை நிமிஷம் வைத்தால் போதும். காதுக்குக் கேட்காத மீயொலி களிம்புக்குள் நுண்குமிழிகளைக் கிளப்பி, தோலின் மேலடுக்கைச் சற்றே நெகிழ்த்தும். அந்த இடுக்கு வழியே மருந்து உள்ளே இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு அங்கே கத்தியே பட்டாலும் தெரியாது. காதுகுத்து விசேஷங்களில் குழந்தைகள் தாய்மாமன் மடியிலேயே தூங்கிவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி நாளன்று யாரும் லீவு போடுவதில்லை. கன்னத்தில் வேலோடு படம் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டமே கிளம்பியிருந்தது.

மாரப்பனுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. அவன் ஒலிமரப்பி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். அந்தக் கூட்டத்தால் அவனுக்கு வியாபாரம்தான். அவன் வயிற்றெரிச்சல் எல்லாம் ஒரே ஒரு ஆள் மேல். மாவு மில் சென்னியப்பன்.

இருபத்து மூன்று வருஷமாக மாரப்பன் கருவியைத் தொடாமல் அலகு குத்துகிறான். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், முகம் கோணிப்போகும். ஆனாலும் முதல் அலகு அவனுக்குத்தான். சாமிக்கு நேர் பின்னால், எல்லாருக்கும் முன்னால், அறுநூறு படியும் ஏறுவான். அப்படித்தான் இருந்தது, நாலு வருஷம் முன்பு சென்னியப்பன் வந்து நிற்கிறவரை. வேல் இறங்கும்போது அவன் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, கல்யாண வீட்டில் வரவேற்கிறவன் மாதிரி சிரித்தான். கூட்டம் மெய்மறந்தது. அடுத்த வருஷமே முதல் அலகு கை மாறியது. மாரப்பனின் மனைவி பாவாத்தாளே போய் அவன் காலில் விழுந்து கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து, "என்ன களைங்கறீங்க அந்த மொகத்துல. நீங்க அழுவறதப் பாத்தா எனக்குச் சோறே எறங்காது" என்று வேறு சொன்னாள்.

அன்றைக்கு மாரப்பனுக்கும் சோறு இறங்கவில்லை.

சென்னியப்பன் கருவி வைக்கிறான் என்பதில் மாரப்பனுக்குச் சந்தேகமே இல்லை. நிரூபிக்கத்தான் ஒரு வருஷம் கடையில் உட்கார்ந்து தோல்மானியைச் செய்தான். மூடிய தோல் மின்சாரத்தைத் தடுக்கும். மீயொலி நெகிழ்த்திய தோல் உள்ளே விட்டுவிடும். அது மறுபடி மூட முழுசாக ஒரு நாள் ஆகும். கன்னத்தில் வைத்தால் பச்சை அல்லது சிவப்பு, அவ்வளவுதான். கோயில் தர்மகர்த்தாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "நீங்களே நின்னு சோதிச்சு அனுப்புங்க மாரப்பா" என்று பொறுப்பையும் கொடுத்தார்.

சோதனை ஆரம்பித்ததும் சிவப்பு மேல் சிவப்பாக எரிந்தது. சிலர் சண்டை போட்டார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் மாரப்பனையும் சேர்த்து ஒன்பது பேர். சென்னியப்பனின் முறை வந்தது. மூன்று வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் அது.

பச்சை.

மறு கன்னத்தில் வைத்தான். பச்சை. நாக்கை நீட்டச் சொன்னான். அதுவும் பச்சை.

"எத்தனை தடவைங்கண்ணா பாப்பீங்க?" என்றான் சென்னியப்பன். அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"மிசின் புதுசு தம்பி. கூடக் கொறையக் காட்டும்."

காட்டவில்லை. அவன் உண்மையாகவே வலியைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிறவன். அதுதான் மாரப்பனால் தாங்க முடியவில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் மன்னித்துக்கூட இருப்பான்.

மொட்டை அடிக்கிற கொட்டகைக்குப் பின்னால் போனான். கருவி பையிலேயே இருந்தது, தோல்மானியைச் சரிபார்க்க எடுத்து வந்தது. இந்த ஒரு வருஷமாவது நாமும் சிரித்துவிட வேண்டும் என்று களிம்பைத் தடவினான். இரண்டு கன்னம், நாக்கு, எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். சோதிக்கிறவனைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது என்று அவனுக்குத் தெரியும்.

வேல் இறங்கியபோது யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் இருந்தது. மாரப்பன் சிரித்தான். பாவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், பிறகு அப்படியே கைகூப்பினாள். கூட்டம் அரோகரா போட்டது. படி ஏறும்போது முன்னால் போன சென்னியப்பன் திரும்பித் திரும்பி இவன் முகத்தைப் பார்த்தான். ஓரிடத்தில் கால் இடறக்கூடச் செய்தது. எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று மாரப்பன் நினைத்துக்கொண்டான். இருபத்து மூன்று வருஷத்தில் அவன் இத்தனை சந்தோஷமாக மலை ஏறியதில்லை.

உச்சியில் பூசாரி வேலை உருவித் திருநீறு அப்பினார். மண்டபத்தில் சென்னியப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, உங்களுக்கும் போயிருச்சுங்களா?"

"எது தம்பி?" மாரப்பனுக்கு நாக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

"உணர்ச்சிதானுங்க. ஆறு வருசம் முந்தி எனக்கு மொக நரம்பு வலி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒலிமரப்பி வெச்சேன். ஒரு நா மருந்து தெளியவே இல்லீங்க. மரத்தது மரத்ததுதான். சோறு கடிக்கறனா கன்னத்தக் கடிக்கறனான்னு தெரியாது. பேத்தி முத்தம் குடுத்தாலும் தெரியாது. கொஞ்சமாச்சும் வலிக்கோணும்னு வேண்டிட்டுத்தான் வருசா வருசம் வேல் போடறேன். வலிக்கவே இல்லீங்கண்ணா. சிரிச்சு வெக்கறேன், வேற என்ன பண்றது?"

மாரப்பன் தன் கன்னத்துத் திருநீற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"உங்க கண்ணுல தண்ணி வாரதப் பாத்தா எனக்கு அத்தன பொறாமையா இருக்குமுங்க. இவருக்குக் குடுத்த சாமி நமக்கும் குடுக்கும்னு அதப் பாத்துத்தான் படி ஏறுவேன். இன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. எனக்குப் பக்குனு ஆயிருச்சு."

நானூற்று மூன்று பேரைச் சிவப்பு காட்டித் திருப்பி அனுப்பியவன் மாரப்பன். பாவாத்தாள் நாலடி தள்ளி நின்றிருந்தாள். மாலையோடு தர்மகர்த்தா வந்துகொண்டிருந்தார்.

"ஆமா தம்பி" என்றான். "போயிருச்சு."

சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அடுத்த வருசம் உங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேனுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவே ஏறலாம்."

அப்போதுதான் மருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. பிறகு இரண்டு கன்னமும் தீயாய்ப் பற்றிக்கொண்டது. சென்னியப்பன் நகர்ந்து உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வேல் போன துளை மேல் கட்டைவிரலை வைத்தான்.

"இங்க தெரியுதுங்களாண்ணா?"

மாரப்பன் சிரித்தபடி, இல்லை என்று தலையாட்டினான்.

சென்னியப்பனுக்கு நம்பிக்கையை விட மனசில்லை. "கொஞ்சங்கூடவா?" என்று கேட்டு, இன்னும் அழுத்தினான்.