பாக்காரி பதில் சொல்லவில்லை

எங்கள் குடும்பப் பெயர் கெய்தா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அன்றைக்கு நடந்த குழப்பத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

கெய்தாக்கள், கூலிபாலி என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களைக் கண்டால் கேலி செய்தே ஆக வேண்டும். அவர்களும் எங்களை விடமாட்டார்கள். இது தாத்தாவுக்குத் தாத்தா காலத்து ஏற்பாடு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேலியும் பெரிதாக ஒன்றுமில்லை. “நீ பயறு தின்னி” என்று சொல்ல வேண்டும். உடனே அவர், “நீதான் பயறு தின்னி” என்பார்.

எங்கள் ஊரில் எல்லோரும்தான் பயறு தின்கிறோம். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை தவறாமல் பயறுதான். ஆனால் உயிரே போனாலும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

என் தம்பி பாக்காரிக்கு மூன்று வயது. அவனுக்குச் சட்டை போடத் தெரியாது, மூக்கைச் சிந்தத் தெரியாது. ஆனால் கூலிபாலி மாமாவைப் பார்த்துவிட்டால் ஒரு விரலைத் தூக்கி, “பயறு தின்னி” என்பான். வாய் நிறையக் கஞ்சி இருந்தாலும் சொல்வான். அம்மாவிடம் அடி வாங்கி அழுதுகொண்டிருந்தாலும், அழுகையை நிறுத்தி அதைச் சொல்லிவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து அழுவான்.

கூலிபாலி மாமா கருவாட்டு வியாபாரி. வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகவும் போவார். போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டை கொண்டுவந்தார். அதில் நான்கு படங்கள். ஒரு குழந்தை தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது. ஒரு குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது. ஒரு குழந்தைக்கு வலிப்பு. நான்காவது குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது.

“இதுல ஒண்ணு இருந்தாலும் போதும், உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும்” என்றார் மாமா.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயறு தின்னு வயிறு வீங்கின ஆளோட படம் எங்கய்யா? உன் போட்டோவைப் போட மறந்துட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மாமா போனதும் அப்பா அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். கரி அடுப்பை விசிற நல்ல கெட்டியான அட்டை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. அம்மா விடியும்போதே சந்தைக்குப் போய்விட்டாள். அப்பாவும் அவருடைய நண்பர் லசினாவும் முற்றத்து வேப்பமரத்தடியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டீ மூன்று சுற்று. முதல் கிளாஸ் கசக்கும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது இனிக்கும். மூன்றாவது கிளாஸுக்கு முன்னால் எழுந்து போனவர் என்று எங்கள் தெருவில் யாருமே கிடையாது.

காலையில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்த பாக்காரி, பத்து மணிக்கெல்லாம் அங்கேயே ஒரு பாயில் சுருண்டுவிட்டான். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

“அப்பா, தம்பிக்குக் காய்ச்சல்.”

“வெயில்ல ஆடினான்ல, அதான். ஈரத்துணி போடும்மா” என்றார் அப்பா.

“பல்லு முளைக்குதோ என்னமோ” என்றார் லசினா.

“அவனுக்கு எல்லாப் பல்லும் முளைச்சாச்சு மாமா. நேத்து என்னைக் கடிச்சான்.”

“அப்ப வளர்ற காய்ச்சலா இருக்கும்” என்றார் லசினா. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

ஈரத்துணி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன், வெளியே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வாய் கொடுத்தேன். அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவன் வாயையே திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

“அப்பா, எது குடுத்தாலும் வாந்தி எடுக்கிறான். இப்ப குடிக்கவும் மாட்டேங்கிறான்.”

“மூணாவது கிளாஸ் ஆகட்டும்மா தெனின். அப்புறமும் இப்படியே இருந்தா பாக்கலாம்.”

அப்போதுதான் முதல் கிளாஸே நடந்துகொண்டிருந்தது. அப்பா அடுப்பை விசிறினார். அவர் கையில் அந்த அட்டை மேலே போனது, கீழே வந்தது. இரண்டாவது படம் தெரிந்தது, மறைந்தது.

தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சத்தத்துக்கு முன்பே கருவாட்டு வாசனை வந்துவிட்டது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

கூலிபாலி மாமா உள்ளே வந்து பாக்காரியின் கழுத்தைத் தொட்டார், இமையை விலக்கிப் பார்த்தார். நான் வாந்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“கெய்தா, எந்திரி. பையனை உடனே டாக்டர்கிட்ட கொண்டுபோகணும்.”

அப்பா சிரித்தார். “பாத்தியா லசினா, மூஞ்சியை எப்படி வச்சிருக்கான் பாரு. போன வாரம் இதே மூஞ்சியோட வந்துதான் என் ஆடு மசூதிக் கூரையில நிக்குதுன்னு சொன்னான். ஏணியைத் தூக்கிட்டு ஓடினேன்யா.”

“அது விளையாட்டு. இது விளையாட்டில்ல.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்ன.”

“சத்தியமாச் சொல்றேன்யா.”

“கூலிபாலி சத்தியம் பண்றான்” என்று லசினா தொடையில் தட்டிச் சிரித்ததில் பாதி டீ அவர் மடியிலேயே கொட்டியது.

மாமா எவ்வளவுக்கெவ்வளவு முறைத்தாரோ அவ்வளவுக்கவ்வளவு அவர்கள் சிரித்தார்கள். உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்பா எழுந்திருப்பார். சொன்னவர் கூலிபாலி ஆயிற்றே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

“மாமா, அப்பாகூடப் பேசாதீங்க. தம்பியைக் கேலி பண்ணுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான். எப்பவும் பண்ற மாதிரி.”

மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பாயருகே குனிந்தார். “என்னடா குட்டிக் கெய்தா, உங்க வீட்டுல பயறு வெந்துடுச்சா?”

பாக்காரியின் கண்கள் பாதி திறந்தபடி இருந்தன. அவை மாமாவைப் பார்க்கவில்லை. விரல் எழவில்லை.

அப்பா டீக் கெட்டிலை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு தடவை கேளு” என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

மாமா கேட்டார். பாக்காரி அசையவில்லை.

“பாக்காரி, அப்பாவைப் பாரு. யாருடா பயறு தின்னி? சொல்லு, யாரு பயறு தின்னி?” என்று அப்பா கேட்டார்.

தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிளாஸ் நிரம்பி டீ தரையில் ஓடியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

நான் அடுப்பருகே கிடந்த அட்டையை எடுத்து நான்காவது படத்தைக் காட்டினேன். “மாமா சொன்னா நம்ப வேணாம்பா. இதைப் பாருங்க.”

அப்பா எழுந்தார். எங்கள் தெருவில் முதல் கிளாஸோடு எழுந்த முதல் மனிதர் அவர்தான்.

மாமா கருவாட்டுக் கூடையை லசினாவின் மடியில் இறக்கினார். மாமா ஓட்ட, அப்பா தம்பியை மார்போடு அணைத்துக்கொள்ள, நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வழியெல்லாம் இரண்டு பேரும் ஒரு கேலிகூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பாக்காரியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.

“எப்பலேர்ந்து காய்ச்சல்?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“பத்து மணிலேர்ந்து. ரெண்டு தடவை தண்ணி குடுத்தேன், ரெண்டும் வாந்தி. மூணாவது தடவை வாயைத் திறக்கல. இப்ப கூப்பிட்டாலும் முழிக்கல.”

“நல்லாச் சொன்ன” என்று டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “மலேரியா. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்காம கொண்டுவந்தீங்க, நல்லது” என்றார். ஊசி போட்டார்கள். கையில் குழாய் மாட்டினார்கள்.

சேதி கேட்டு அம்மா சந்தையிலிருந்து கூடையோடு நேராக ஓடிவந்தாள். அப்பா அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் லசினா கெட்டிலோடு வந்து, “மூணாவது கிளாஸ்” என்று நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அப்பா தொடவே இல்லை.

மறுநாள் காலை கூலிபாலி மாமா ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்தார். பாக்காரி கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

பிளாஸ்திரி ஒட்டிய கை மெதுவாக எழுந்தது. ஒரு விரல் நீண்டது.

“பயறு தின்னி.”

குரலே இல்லை, காற்றுதான் வந்தது. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான் மாமாவின் பதிலுக்காகக் காத்திருந்தேன். மாமா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமாடா என் ராசா. தின்னேன். நேத்துகூடத் தின்னேன்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கூலிபாலி ஒப்புக்கொண்டு நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதுமான கேலி கையில் கிடைத்துவிட்டது. இனி விடமாட்டார் என்று நினைத்தேன்.

அப்பா மாமாவின் தோளில் கைபோட்டார்.

“நானும்தான்யா” என்றார்.