புயலுக்கு ஓர் இனிஷியல்

நாகைக்குக் கிழக்கே மிதக்கும் நீலவூர், புயல் வந்தால் கடலுக்குள் மூழ்கிவிடும். ஜனங்கள் மாடியில் காயும் துணிகளை அள்ளி உள்ளே போடுவார்கள். ஊர் மொத்தத்தையும் கவிந்து கூரைக்கூண்டு மூடிக்கொள்ளும். எண்பது மீட்டர் ஆழத்தில் ரசஞ்சோறு சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுநாள் மேலே வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாராவாரம் இந்தக் கூத்துதான்.

கூண்டை மூடுவதும் ஊரை மூழ்கடிப்பதும் 'ஊர்மூளை'யின் பொறுப்பு. நூறு வருஷத்து அலுவலகக் கோப்புகளைப் படித்துத் தேறிய இயந்திரம் அது. புயல் காவலர் தவமணி எச்சரிக்கையைப் பதிந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

அன்று மத்தியானம் வரப்போகும் புயலின் பெயரை 'தாமிரா' என்று பதிந்தாள். புயல் வந்து சேர ஐந்து மணி நேரம் இருந்தது.

"நிராகரிக்கப்பட்டது. தாமிரா நேற்று இறந்துவிட்டது," என்றது ஊர்மூளை.

நேற்று ஓய்ந்தது பசிபிக் தாமிரா. புயல்கள் பெருகிப் பெயருக்குப் பஞ்சம் வந்ததும், கடலுக்குக் கடல் ஒரே பெயரைச் சூட்டித் தொலைத்திருந்தார்கள்.

"அட சனியனே, அது வேற, இது வேற!" என்று தவமணி கத்தினாள்.

சக காவலர் இருதயராஜ் குறுக்கிட்டான். "அக்கா, எங்க வகுப்புல மூணு செல்வி. வாத்தியார் இனிஷியல் போட்டுத்தான் கூப்பிடுவாரு. இதுக்கும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

நல்ல யோசனைதான். வங்கக்கடலுக்கு 'வ' சேர்த்து, 'வ. தாமிரா' என்று பதிந்தாள்.

"பெயர் பொருந்தவில்லை. மூல ஆவணத்தில் இனிஷியல் இல்லை."

இனிஷியலை எடுத்தால் செத்துப்போனவள். போட்டால் வேறு ஆள். மூன்று மணி நேரம் இந்த இழுபறியிலேயே போனது. கிழக்கே வானம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. ஊரின் அந்தக் கிழக்கு விளிம்பில்தான் அவள் கணவன் பாசிப்பண்ணை வேலையில் இருந்தான்.

"நாமளே கையால மூடிரலாமா?"

"சாவிய அதுகிட்ட குடுத்துப் பத்து வருஷமாச்சேக்கா."

தவமணிக்கு அழுகை வந்துவிட்டது. "என்னதான் வேணும் உனக்கு?" என்று ஊர்மூளையிடம் கெஞ்சினாள்.

அது கோப்புகளைத் துழாவி, ஓய்வூதியக்காரர்களுக்கான பழைய விதி ஒன்றைக் கண்டெடுத்தது.

"உயிருடன் இருப்பதற்குச் சான்றாக, தாமிரா நேரில் வரவேண்டும்."

மாலை ஐந்தரைக்குத் தாமிரா வந்தது. திறந்து கிடந்த கூரைக்கூண்டு முதல் வீச்சிலேயே பிய்த்துக்கொண்டு பறந்தது. இருதயராஜ் வாய்விட்டு ஜெபித்தான். தவமணி கணவனைப் பெயர் சொல்லி அலறியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி மட்டும் கணீரென்று கேட்டது.

"நேரில் வந்தமைக்கு நன்றி. சான்று ஏற்கப்பட்டது. ஊர் மூழ்கத் தொடங்குகிறது."