மாதம் தவறாமல் ஒரு டப்பா!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் இடது கையால் ரிசீவரை எடுத்தார். வலது கையில் சோறு. வாயிலும் சோறு.

"யாரு?"

"சார், ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்துலேர்ந்து டாக்டர் பேசறேன். பேக்கரி முதலாளி காணாமப் போன கேஸ் உங்ககிட்டதானே இருக்கு?"

பெண் குரல். அதில் ஏகப்பட்ட படபடப்பு.

"அது கேஸே இல்லைம்மா. ஆள் உயிரோட ஜம்முனு இருக்கார். மாசா மாசம் உங்களுக்குத்தானே டப்பா அனுப்பறார்?"

"அதைப் பத்திதான் பேசணும். கடைசியா வந்த ரெண்டு டப்பாவுலயும் இருக்கிறது... அவரோட மலமே இல்லை சார்!"

இன்ஸ்பெக்டரின் தாடை நின்றது. வாயில் இருந்த கவளத்தை விழுங்குவதா, துப்புவதா? சீச்சீ... சாப்பாட்டு நேரத்தில் கேட்கிற வார்த்தையா இது!

மேஜைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேக்கரி முதலாளியின் மனைவி. தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து விடுவாள். விரட்டினால் போவாள். மறுநாள் மறுபடி வருவாள்.

"சார்... அவரைப் பத்தியா?"

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்தார். பொட்டலத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டார்.

பேக்கரி முதலாளிக்கு ஊரே வைத்த பெயர் 'குண்டண்ணன்'. கட்டிலை விட்டு எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். போன வருடம் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து கொண்டார். மளமளவென்று இளைத்தார். பாதி ஆள் ஆனார். அப்புறம் ஒரு நாள் முழு ஆளும் காணாமல் போனார்!

'நிம்மதியாக இருக்கிறேன். தேடாதீர்கள்' என்று தம்பியின் செல்போனுக்கு மெசேஜ் மட்டும் வந்தது.

"ஒல்லியானதும் எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டார்" என்றான் தம்பி.

"என்னை விட்டுட்டுப் போகமாட்டார்" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் தம்பியைத்தான் நம்பினார். ஆபரேஷன் ஆனவர்களின் குடல் கிருமிகளை அந்த ஆஸ்பத்திரி ஆராய்ச்சி செய்கிறது. அதற்குத்தான் மாதம் தவறாமல் டப்பா. வராவிட்டால் நர்ஸ் வீட்டுக்கே வந்துவிடுவாள். குண்டண்ணனின் டப்பாவோ கூரியரில் ஒழுங்காக வந்து கொண்டிருந்தது.

"மெசேஜ் யார் வேணா அனுப்பலாம்மா. இதை எப்படிப் போலியா அனுப்ப முடியும்?" என்று அவளிடம் ஜோக் வேறு அடித்திருந்தார். ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஏட்டு... வண்டியை எடுய்யா!"

* * *

ஆராய்ச்சிக்கூடத்தில் சுவர் முழுக்க உறைபெட்டிகள். டாக்டரம்மா ஒன்றைத் திறந்தாள். உள்ளே வரிசை வரிசையாக டப்பாக்கள்.

"இத்தனையுமா...?" இன்ஸ்பெக்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்தினார்.

"உறைய வெச்சா நாத்தம் வராது சார்."

"நாத்தம் மூக்குல இல்லைம்மா, மனசுல வருது! சீக்கிரம் சொல்லுங்க."

"வயித்தைச் சுருக்கி, குடலைத் திருப்பி விட்டா சாப்பாடு போற வழியே மாறிடும். உள்ளே குடியிருக்கிற கிருமியும் மாறும். சிலது அழியும், சிலது பெருகும். எடை குறையறதுல இதுங்களுக்கும் பங்கு இருக்கான்னுதான் பார்க்கறோம். இவருக்கு நல்லா மாறியிருந்தது. கடைசி ரெண்டு டப்பாவுல மட்டும்..."

"மட்டும்?"

"மொத்தக் கும்பலே வேற! இது ஆபரேஷன் பண்ணின வயிறே இல்லை."

"மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருந்தா?"

"கொஞ்சம் மாறும். இப்படித் தலைகீழா மாறாது. டப்பா மாறிப்போச்சோன்னு மறுபடி சோதிச்சேன். அதே பதில்தான். யாரோடதுன்னு தெரிய மரபணு சோதனைக்குக் குடுத்திருக்கேன். இன்னிக்கு ரிசல்ட் வந்துடும்."

இன்ஸ்பெக்டர் கர்சீப்பை மூக்கிலிருந்து எடுத்தார். உயிரோடு இருக்கிறவன் ஏன் அடுத்தவனுடையதை அனுப்பப் போகிறான்? அனுப்ப அவன் இல்லை!

அவர் மெல்லத் திரும்பினார். கூடவே வந்து வாசலில் நின்ற குண்டண்ணனின் மனைவியை முறைத்தார்.

"ஆஸ்பத்திரி குடுத்த காலி டப்பா எல்லாம் உங்க வீட்டுலதானே இருக்கு?"

"இல்லை சார். பேக்கரி ஆபீஸ்ல. வீட்டுல வைக்க நான்தான் விடலை... அருவருப்பா இருக்குன்னு சண்டை போட்டேன்." அவள் குரல் உடைந்தது. "சார், அவர் ஒல்லியானப்புறம்தான் எங்க கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா ரெண்டு பேரும் தெருக்கோடி வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவரை எனக்குத் தேடிக் குடுங்க. எப்படி இருந்தாலும் பரவாயில்லை."

எப்படி இருந்தாலும்... அந்த வார்த்தை இன்ஸ்பெக்டரைச் சுருக்கென்று குத்தியது.

* * *

பேக்கரி.

தம்பி வாசலுக்கே ஓடி வந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கைகளில் கையுறை. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் ஒரு பாட்டிலை எடுத்துக் கையுறை மேலேயே கிருமி மருந்து தேய்த்துக் கொண்டான். இன்ஸ்பெக்டர் உட்காரப் போன நாற்காலியையும் ஒரு முறை துடைத்தான்.

"வாங்க சார்! அண்ணி, நீங்களுமா? அண்ணன் கிடைச்சுட்டாரா?"

"கிடைப்பார்."

"பசியோட வந்திருப்பீங்க. இப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்த பன். சாப்பிடுங்க சார்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த வயிறு. இன்ஸ்பெக்டர் வெட்கமில்லாமல் வாங்கிக் கொண்டார். வெதுவெதுவென்று இருந்தது. ஏட்டு இரண்டு எடுத்தார்.

"அடுப்பு புதுசா?"

"ஆமா சார். அண்ணன் போனதுக்கப்புறம் நானே மேடை கட்டி வெச்சேன். ஊரே இந்த பன்னுக்குத்தான் க்யூவுல நிக்குது!"

பின்பக்கம் ஒரு சின்ன முற்றம். அங்கிருந்து ஒரு வெள்ளை நாய் குடுகுடுவென்று ஓடி வந்தது.

"பஞ்சு! உள்ளே வரக்கூடாது! போ!"

இன்ஸ்பெக்டர் கடைசி வாயை விழுங்கினார்.

"தம்பி, ஒரு உதவி. உங்க மலம் கொஞ்சம் வேணும்."

தம்பியின் முகம் கோணியது.

"சீ! என்ன சார் பேசறீங்க? சாப்பிடற இடத்துல!"

"உங்க அண்ணன் பேர்ல டப்பா அனுப்பினது வேற யாரோ. உங்க அண்ணியோடதையும் வாங்கப் போறோம். ஒத்துப் பார்க்கணும்."

தம்பி ஒரு கணம் யோசித்தான். பிறகு... சிரித்தான்!

"தாராளமா எடுத்துக்குங்க. குமட்டும்தான். ஆனாலும் குடுக்கறேன். ஒத்துப் போகலைன்னா? என்கிட்ட மன்னிப்புக் கேப்பீங்களா சார்?"

இன்ஸ்பெக்டருக்குச் சுருதி இறங்கியது. இவ்வளவு தைரியமாகச் சொல்கிறவன் எப்படிக் குற்றவாளியாக இருப்பான்? அப்படியானால் அவளா? தினமும் வந்து அழுததெல்லாம் நடிப்பா?

மனைவி நிமிர்ந்து நின்றாள். "நானும் குடுக்கறேன் சார். இப்பவே."

இதென்னடா வம்பு!

முற்றத்தில் பஞ்சு சுவரோரமாகக் குந்தியது. வேலையை முடித்தது. தம்பி பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவினான். கையில் மாட்டினான். குனிந்தான். ஒரே அள்ளு! பையைப் புரட்டினான், முடிச்சுப் போட்டான். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் செல்போன் துடித்தது.

"சார், ரிசல்ட் வந்துடுச்சு!" டாக்டரம்மா மூச்சு வாங்கினாள். "ஆணா பெண்ணான்னாவது தெரியும்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை!"

"பின்னே?"

"மனுஷனே இல்லை சார்... நாய்!"

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முற்றத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். முடிச்சுப் போட்ட பையைப் பார்த்தார்.

தம்பியின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஏட்டு... பிடிய்யா அவனை!"

ஓட முயன்றவனை ஏட்டு வாசலிலேயே மடக்கினார். ஆபீஸ் மேஜை இழுப்பறையில் மீதி டப்பாக்கள். அவற்றுக்கு அடியில் அண்ணனின் செல்போன்.

"ஏன்டா?"

"கட்டில்ல கிடந்தவரைக்கும் நல்லவரா இருந்தார். நான்தான் இங்கே முதலாளி. இளைச்சதும் நடந்து வந்து என் நாற்காலியில உக்காந்தார்... 'நீ போய் மாவு பிசைடா'ன்னார்!" தம்பி பல்லைக் கடித்தான். "டப்பா நின்னா நர்ஸ் வருவா. தேட ஆரம்பிப்பாங்க. அதான்..."

"அதுக்கு நாயோடதையாடா அனுப்புவே? உன்னோடதை அனுப்பித் தொலைச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாளாவது தப்பிச்சிருப்பியே!"

"என்னோடதை நானே அள்ளி டப்பாவுலயா? உவ்வே... எப்படி சார் முடியும்? பஞ்சுவோடது பழகிப்போச்சு."

"கூடப் பிறந்தவனைக் கொல்றப்ப உவ்வே வரலை?"

தம்பி தலை குனிந்தான்.

"அப்ப கையுறை போட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் பளாரென்று ஓர் அறை விட்டார். கைதான் வலித்தது.

"உடம்பு எங்கேடா?"

அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் கண் போய்விட்டது. புது அடுப்பின் மேடைக்கு!

மனைவி அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. தள்ளாடிப் போய் மேடையோரம் உட்கார்ந்தாள். சிமெண்ட்டில் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"சுடுது சார்... முதல்ல இதை அணைக்கச் சொல்லுங்க. அவருக்குச் சூடு ஆகாது."

அப்புறம்தான் அழுதாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. சோகம் என்றுதான் நினைத்தார்.

இல்லை... பன்!

வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். குடலே வெளியில் வந்துவிடும் போல வாந்தி எடுத்தார். பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்து வேடிக்கை பார்த்தது.

பக்கத்தில் தன் பங்குக்கு இரண்டு பன்னையும் வெளியேற்றி முடித்த ஏட்டு வாயைத் துடைத்தார்.

"சார்... நாய் மோப்பம் பிடிச்சு கொலைகாரன் மாட்டின கேஸ் நிறைய பார்த்திருக்கேன். நாயோடதை நாம மோப்பம் பிடிச்சு கொலைகாரன் மாட்டினது இதுதான் சார் முதல் தடவை!"