ஒரு நேரத்தில் ஒரு வரி

சவரம் செய்துகொண்டே தன் பாட்டை முணுமுணுத்த இனாயத்துக்கு முதல் வரி வரவில்லை. சொல் மறக்கவில்லை. உதடு அசைந்தது, காற்று போனது, சத்தம்தான் இல்லை. இரண்டாவது வரி வழக்கம்போல் கணீரென்று வந்தது. சளி என்று காறித் துப்பிவிட்டு மறந்துபோனார்.

அந்த முதல் வரியைத்தான் நேற்று கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தார்கள்.

இனாயத் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அவர் மெட்டை ஒரு கேசட் கம்பெனிக்காரன் வேறொருவன் பெயரில் விற்ற நாளிலிருந்து பால்காரனைக்கூட முறைத்துத்தான் பார்ப்பார். ஷரீஃப் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. கல்யாண வீடுகளில் காலமெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவன். விஷக் காய்ச்சலில் குரல் போய், மரத்தை அறுப்பதுபோலப் பேசுகிறவன். ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை மந்தைவெளி வீட்டின் பின்னறைக்கு அவன்தான் சுமந்து வந்தான். மைக்செட்காரனிடம் பழைய மைக் ஒன்றும் கேட்டு வாங்கிவந்தான்.

"கம்பெனிக்காரனே வேணாம் பாய். உன் கொரலு உன் வூட்லயே இருக்கட்டும். மிசினு கெழம், மெமரி கம்மி. ஒரு நேரத்துல ஒரு வரிதான் தாங்கும்."

ஆகவே தினம் ஒரு வரி. தெருச் சத்தம் நுழையாமல் ஜன்னலில் பஞ்சு அடைத்த கனத்த ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் அறை இருண்டுவிடும்; பாச்சை உருண்டை வாடையும் சூடேறிய தூசியின் வாடையும் மூக்கில் ஏற, மிசினுக்குள் ஏதோ ஒன்று ஈயைப்போல் ரீங்கரிக்க, திரையில் பச்சைக் கோடு அவர் குரலுக்கு எழும்பி எழும்பி விழும். அவர் வாயை மூடிய பிறகும் அது கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. மென்று விழுங்குவதுபோல.

இரண்டாவது வரியும் போனது. மூன்றாவதும் போனது. டீ டம்ளரை வைத்த மனைவி ஹாஜிரா பீ, ஷரீஃப் அண்ணன் தெருவில் பாடிக்கொண்டே போகிறார், தொண்டை குணமாகிவிட்டது போலிருக்கிறது என்றாள். இனாயத் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் ஷரீஃப் வந்தான். ரஜாயை மாட்டினான். மிசினைப் போட்டான்.

"கடைசி வரி பாக்கி கீது பாய்."

கரகரப்பே இல்லை.

விஷயத்தைக் கேட்டுவிட உள்ளே வந்திருந்த இனாயத்தை மைக் முன் விட்டுவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

இனாயத் பாடவில்லை. மைக்கைத் தள்ளினார். "வேணாண்டா ஷரீஃபு. இத்த எடுத்துக்கினு போயிடு."

பச்சைக் கோடு எழும்பியது.

அப்போதுதான் புரிந்தது. பாட்டுதான் வேண்டும் என்றில்லை அதற்கு.

"ஹாஜிரா!"

கோடு உச்சிக்குப் போய் நின்றது. மறுபடி கூப்பிட்டார். உதடு அசைந்தது. காற்று. வெறும் காற்று. கதவை இழுத்தார்; வெளியே யாரோ பிடித்திருப்பதுபோல் அசையவில்லை. இடித்தார். ரஜாய் போர்த்திய அறை அதையும் தின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. கணீரென்று. அவருடைய குரல்.

"ஹாஜிரா, ரூம்ல ஒண்ணும் இல்ல. தாப்பாளப் போட்டுட்டு வா."

"தோ வரேங்க."

அவள் வளையல் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு இரண்டு பேரின் காலடி, வாசல் பக்கமாக.

இருட்டில் பச்சைக் கோடு மட்டும். அவர் மூச்சு விட்டால் ஏறியது. இழுத்தால் இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் குறைவாக.