ஏழாவது அழைப்பு

ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆலையில் தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து பழகியவர்கள், டீ டம்ளர்களை ஒதுக்கிவிட்டுக் கருத்துப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏ.சி.யின் முனகலையும் பேனாக்களின் கீறலையும் தவிர வேறு சத்தமில்லை. அவசர அழைப்புகளை எடுத்த டெலிபோன் ஆபரேட்டரின் படிவத்தை வாங்கிப் பார்த்த பயிற்சியாளரின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்னம்மா, ஏழு போன் கால்னு எழுதியிருக்கீங்க? நான் ஏற்பாடு பண்ணது ஆறுதான்."

"ஏழு சார். கடைசியா ஒரு பொண்ணு. கீழ்த்தள ஸ்டோர் ரூம்ல மாட்டிக்கிட்டேன்னு அழுதுச்சு. அசல் மாதிரியே நடிச்சுதுன்னு பாராட்டித்தான் எழுதியிருக்கேன்."

"அப்படி யாரையும் நான் பேச வைக்கலையேம்மா."

அந்தப் பெண்ணிடம் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. கதவைத் திறக்காதே, துணியை நனைத்துக் கீழ் இடுக்கில் அடை, ஆட்கள் வருகிறார்கள். பாடத்தில் இருந்ததை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தபோது ஒத்திகை முடிந்த மணி அடித்தது. போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

இருவரும் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். பழைய எண்ணெய் நாற்றமும் ஈரச் சாக்கின் வாடையும் படிக்குப் படி கூடிக்கொண்டே வர, எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் அவர்களுக்கு முன்னால் இறங்கிப் போவதுபோல் கேட்டது. ஸ்டோர் ரூம் கதவில் வெளிப்பக்கம் பூட்டு. வருடக்கணக்கில் யாரும் தொடாத துரு. கீழ் இடுக்கில், உள்ளேயிருந்து அடைத்த ஈரத் துணி.

"அம்மாடி, உள்ள இருக்கியா?"

"அக்கா." அதே குரல். "நீங்க சொன்ன மாதிரியே கதவத் திறக்கல."

"நாங்க வந்துட்டோம்மா. பயப்படாத."

"நீங்க அனுப்பின ஆளுங்க அப்பவே வந்துட்டாங்க அக்கா. என்னைச் சுத்தி நிக்கிறாங்க. ஆனா யாருமே பேச மாட்டேங்குறாங்க."

பயிற்சியாளர் சுவரிலிருந்த தீயணைப்பானைக் கழற்றிப் பூட்டின்மேல் ஓங்கி அடித்தார். அசையவில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை.

அவள் மண்டியிட்டுத் துணியைப் பற்றினாள். உள்ளேயிருந்து இழுத்தார்கள். பலம் கொண்ட மட்டும் பிடித்தாள். கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா, லைட்ட அணைக்கிறாங்க."

அதன் பிறகு குரல் இல்லை.

இடுக்கில் இருட்டு. எழ முயன்றாள்.

விரல்கள் வெளியே வந்தன. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. நெருக்கமாக. கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.