நிற்கட்டும் அந்த மூன்று மீன்

கண்ணுகளா, கிட்டே வாங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கையில் போன் இருந்தால் கவிழ்த்து வையுங்க. பயப்பட வேண்டாம், போனில் விளையாடாதே என்று சொல்லும் கதை இல்லை இது. போனில் அருமையாக விளையாடிய ஒருத்தியின் கதை. கேட்டு முடித்ததும் நீங்களே ஓடிப்போய் போனை எடுப்பீர்கள், பாருங்கள்!

தூத்துக்குடி மில்லர்புரத்தில் சங்கரபாண்டியன் அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் இசக்கிசெல்வி, வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். கோடை விடுமுறையில் மத்தியானம் அப்பா கண் அயரும் நேரம், கடைப் போன் அவள் கைக்கு வரும். வந்ததும் ‘கடலடி’ விளையாட்டைத் திறந்துவிடுவாள்.

கடலடி எப்படி என்றால், திரை முழுக்கச் சில்லுகள். ஒரு சில்லில் மீன், ஒன்றில் நண்டு, ஒன்றில் சங்கு, ஒன்றில் சிப்பி. பக்கத்துப் பக்கத்துச் சில்லுகளை இடம் மாற்றி, ஒரே மாதிரி மூன்றை ஒரு வரிசையில் சேர்த்தால் அவை மறையும். மேலே உள்ளவை சரிந்து இறங்கும், காலியான இடத்தில் புதுச் சில்லுகள் வரும். இருபது முறைதான் நகர்த்தலாம். அதற்குள் எவ்வளவு எடுக்கிறாயோ அதுதான் உன் ஸ்கோர்.

இதை அணியாகவும் ஆடலாம். இசக்கிசெல்வியின் அணியில் மூன்று பேர். பக்கத்து வீட்டு ஜாபேஸ்தான் தலைவன். எதிர்வீட்டு ஜெபசுதா, தெருவிலேயே கெட்டிக்காரி. அடுத்து நம் இசக்கிசெல்வி. ‘மில்லர்புரம் முத்துகள்’ என்று அணிக்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

ஒரு சனிக்கிழமை ஜாபேஸ் தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு போனை நீட்டினான்.

“ஏளா இசக்கி, உன் ஸ்கோரப் பாத்தியா? ஜெபசுதா எடுத்ததுல பாதிகூட இல்ல.”

“நான்தான் எல்லாரையும் விட வேகமா ஆடுதேன்!”

“ஆமா, வேகமாத்தான் ஆடுத. தோக்கதும் வேகமாத்தான் தோக்க.”

ஜெபசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“நாளைக்கு சாயங்காலம் போன்லயே மாவட்டப் போட்டி,” என்றான் ஜாபேஸ். “சாயர்புரத்துல இருந்து எங்க சித்தி மவன் ஜெரால்டு வாரான். மத்தியானம் நீயும் அவனும் ஆடுங்க. யாருக்கு ஸ்கோர் கூடுதலோ அவங்கதான் டீம்ல.”

“அப்ப நான்?”

“கூடுதலா எடு. நீதான்.”

சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போய்விட்டான். இசக்கிசெல்வி அவன் போன பக்கத்தையே பார்த்தாள். தான் பெயர் வைத்த அணியில் தானே இல்லாமல் போவதா?

அவள் ஆடுவதில் என்னதான் குறை? சொல்கிறேன். எங்கேயாவது மூன்று சில்லு சேர வழி தெரிந்தால் போதும், அவள் விரல் அங்கே பாய்ந்துவிடும். அவள் கடைக்காரர் மகள் அல்லவா? கடையில் யார் வந்தாலும் காக்க வைக்கக் கூடாது. அதிலும் காலையில் முதல் போணிக்கு வந்தவரை நிற்க வைத்துவிட்டால், அன்று முழுக்க அண்ணாச்சிக்கு முகம் சரியிருக்காது. இதையே பார்த்து வளர்ந்தவளுக்கு, சேரக் காத்திருக்கும் சில்லுகளும் வாடிக்கையாளர்கள் மாதிரியே தெரியும். ‘எங்களைக் கொஞ்சம் கவனியுங்க’ என்று அவை கூப்பிடுவது போலிருக்கும். பாவம், அவர்களை எப்படி நிற்க வைப்பது?

அன்று அவள் ஜெபசுதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ ஆடு. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஜெபசுதா ஆடுவதைப் பார்க்கவே அழகு. விரலை மடக்கி உதட்டில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்ப்பாள், பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் தூங்கிவிட்டாளோ என்று நமக்குச் சந்தேகம் வரும். அப்புறம் ஒரே ஒரு சில்லைத் தள்ளுவாள். சடசடவென்று பாதிப் பலகை உதிரும்.

இசக்கிசெல்விக்குப் பொறுக்கவில்லை. “ஏளா, அங்கன மேல பாரு! மூணு மீன் சேரும்படியா நிக்கி. ஏன் விட்டுட்ட?”

“நிக்கட்டும்.”

“எவ்வளவு நேரமா நிக்கி!”

“அது மீனுதானட்டி. கோவிச்சுக்கிட்டு வேற கடைக்கா போவப் போவுது?”

இசக்கிசெல்வி அந்த மூன்று மீனையும் மறுபடி பார்த்தாள். இப்படி ஒன்றை அவள் நினைத்தே பார்த்ததில்லை.

ஆனால் எதை விட்டுவைப்பது, எதைத் தொடுவது? அது இன்னும் பிடிபடவில்லை. வேகமாக ஆடும் தன்னைவிட, தூங்குகிறவள் போல ஆடும் இவளுக்கு எப்படி இத்தனை உதிர்கிறது? கேட்டால் ஜெபசுதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. “தெரியலியே, பாத்தா தோணும்,” என்றாள்.

யோசித்துக்கொண்டே கடைக்கு வந்தாள். ஆறுமுகத்தாய் அத்தை சோப்பு வாங்க நின்றார். அவர் கேட்ட சோப்பு அடுக்கின் அடியில் இருந்தது. இசக்கிசெல்வி ஏதோ நினைப்பில் அதை அப்படியே உருவினாள். சடசடவென்று மொத்த அடுக்கும் சரிந்தது. துணிச் சோப்பு குளியல் சோப்போடு கலந்தது. ஒன்று உருண்டு போய் உப்பு மூட்டையில் முட்டி நின்றது.

“கீழ இருந்து உருவாதன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!” என்று அப்பா கத்தினார். “ஒண்ண உருவுனா எல்லாம் இறங்கும்லா? மேல இருந்து எடு!”

இசக்கிசெல்வி அசையவில்லை. விழுந்த சோப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெல்ல மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

“அண்ணாச்சி,” என்றார் ஆறுமுகத்தாய், “சோப்பு சரிஞ்சதுக்கு உம்ம மவ எதுக்கு இந்தச் சிரிப்பு சிரிக்கா? சுத்திப் போடுங்க.”

அவளுக்குப் புரிந்துவிட்டது, கண்ணுகளா! கடையில் கீழே கை வைக்கக் கூடாது. கடலடியில் கீழேதான் கை வைக்க வேண்டும். மேல் வரிசையில் மூன்றைச் சேர்த்தால் அந்த மூன்றோடு போயிற்று. அடி வரிசையில் சேர்த்தால் மேலே உள்ளது அத்தனையும் இறங்கும். இறங்குகிற வழியில் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து உதிரும். நகர்த்தியது ஒரு முறை, ஸ்கோர் நாலு முறைக்கு!

கடையில் சரியாக இருப்பதை எல்லாம் விளையாட்டில் தலைகீழாக அல்லவா செய்ய வேண்டும்!

சோப்பை அடுக்கி முடித்ததும் அப்பாவிடம் கெஞ்சிப் போனை வாங்கி ஆடிப் பார்த்தாள். இன்னொன்றும் தெரிந்தது. நான்கு சில்லு சேர்ந்தால் அங்கே ஒரு சுறா பிறக்கும். சுறா ஒரு வரிசை முழுவதையும் விழுங்கும். ஐந்து சேர்ந்தால் முத்து. முத்தை நண்டோடு மாற்றினால் நண்டுகள் எல்லாமே உதிரும். இதுவரை சுறா பிறந்த நொடியே அதைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது காக்க வைத்தாள். முத்துக்குப் பக்கத்தில் சுறாவைக் கொண்டுவந்து இரண்டையும் மாற்றினாள். அடேயப்பா! பலகையே கொந்தளித்தது.

மறுநாள் மத்தியானம் ஜெரால்டு வந்து இறங்கினான். ஒல்லியாக, அமைதியாக, கையில் அவன் அம்மா கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலத்தோடு நின்றான். மாடிப்படியில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். பயிற்சிப் பலகையில்தான் பந்தயம்.

“ஜெரால்டு, நீ மொத ஆடு,” என்றான் ஜாபேஸ். “பாத்துக்கிடுங்க, சாயர்புரத்துல இவன அடிக்க ஆளு கிடையாது.”

ஜெரால்டு தன் அண்ணனின் பழைய போனை எடுத்தான். ஆட ஆட அவன் காது சிவந்தது. இருபதும் முடிந்தபோது ஸ்கோர், ஒன்பதாயிரம்.

“என்னலே இது!” ஜாபேஸ் தலையில் கை வைத்தான். “உன்னப் பத்தி எவ்வளவு பெருமையா சொல்லி வச்சிருந்தேன்!”

ஜெரால்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தான்.

ஒன்பதாயிரத்தை இப்போது இசக்கிசெல்வி கண்ணை மூடிக்கொண்டே தாண்டிவிடுவாள். ஆனால் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். ஜெரால்டின் விரல் ஒவ்வொரு முறையும் முதலில் அடி வரிசைக்குத்தான் போனது. அங்கே தட்டும், தேய்க்கும், மறுபடி தட்டும். பிறகுதான் வேறு வழியில்லாமல் மேலே ஏறும். போனின் கீழ்ப்பகுதி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அதன்மேல் ஒட்டுத்தாள். அந்த இடத்தில் தொட்டால் போனுக்கு உணர்ச்சியே இல்லை!

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அணியில் இடம் அவளுக்குத்தான். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். பாதியிலேயே அதைக் கீழே வைத்தாள்.

“ஜெரால்டு, உனக்கு கீழ் வரிசை வேல செய்யலதான?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஆமா. உடைஞ்சு போச்சு.”

“பொறவு ஏம்ல சொல்லல?” என்றான் ஜாபேஸ்.

“வந்த உடனே போனு சரியில்ல, அது சரியில்லன்னு சொன்னா, சாக்கு சொல்லுதேன்னு நினைப்பீங்க.”

இசக்கிசெல்வி கடைப் போனை நீட்டினாள். “இதுல ஆடு. மொத ஆடுனது கணக்கு கிடையாது.”

“உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?” என்று ஜெபசுதா அவள் காதில் கிசுகிசுத்தாள்.

நல்ல போன் கைக்கு வந்ததும் ஜெரால்டு வேறு ஆளாகிவிட்டான். மூலையில் மாட்டிக்கொண்ட நண்டுகளை முதலில் விடுவித்தான். மூலையில் கிடப்பதைக் கடைசிக்கு வைத்தால் அது சேரவே சேராது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நடுவில் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

“‘அண்ணாச்சி, அரைக் கிலோ உளுந்து, ரெண்டு தீப்பெட்டி’ன்னு வந்திருக்கு,” என்று பதறிப்போய் படித்தான் ஜெரால்டு. “நான் என்ன பண்ணணும்?”

“நீ ஆடு! யப்பா, அரைக் கிலோ உளுந்து, ரெண்டு தீப்பெட்டி!” என்று இசக்கிசெல்வி கடைப் பக்கம் பார்த்துக் கூவினாள்.

ஜெரால்டு ஆடி முடித்தான். முப்பத்தோராயிரம்! ஜாபேஸ் விசில் அடித்தான். இசக்கிசெல்வி தன்னையறியாமல் கைதட்டிவிட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது, இதை இப்போது அவள் தாண்ட வேண்டுமே! அவ்வளவு பெரிய ஸ்கோரை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை.

போனை வாங்கினாள். பலகை திறந்தது.

மேல் வரிசையில், இதோ எங்களை எடுத்துக்கொள் என்கிற மாதிரி மூன்று மீன் சேரும்படியாக நின்றன. அவள் விரல் துடித்தது. அதை மடக்கி உதட்டில் வைத்துக்கொண்டாள்.

‘நில்லுங்க, வாரேன்.’

மூலைச் சங்குகளை எடுத்தாள். அப்புறம் அடி வரிசையில் சிப்பி. அப்புறம் மறுபடி அடி வரிசை. அவள் ஒன்றைத் தொட, மேலே உள்ளவை இறங்கி இறங்கித் தாமாகவே உதிர்ந்தன. அந்த மூன்று மீனும் படிப்படியாகக் கீழே வந்தன. நடுவில் ஏற்கெனவே இரண்டு மீன் இருந்தன. அவள் ஒரு நண்டை நகர்த்தினாள். ஐந்து மீனும் ஒரே வரிசையில் நின்றன!

முத்து பிறந்தது.

“தட்டு, தட்டு!” என்று ஜாபேஸ் குதித்தான்.

“சும்மா இருல,” என்றாள் ஜெபசுதா. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிசெல்வி முத்தைத் தொடவில்லை. நான்கு சங்கைச் சேர்த்து ஒரு சுறாவைப் பிறக்க வைத்தாள். அது முத்துக்கு அடுத்த நெடுவரிசையில், மூன்று கட்டம் மேலே நின்றது. கீழே ஒரு சிப்பியை எடுத்தாள், சுறா ஒரு படி இறங்கியது. இன்னொன்று. இன்னும் ஒன்று. சுறா முத்தின் பக்கத்தில் வந்து நின்றபோது, மிச்சம் இருந்தது ஒரே ஒரு நகர்த்தல்.

இரண்டையும் இடம் மாற்றினாள்.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பலகையில் இருந்த சங்குகள் எல்லாம் சுறாக்களாக மாறின! எல்லாச் சுறாக்களும் நாலாபக்கமும் பாய்ந்தன. திரை காலியாகி, நிறைந்து, மறுபடி காலியாகி, நிறைந்தது. ஸ்கோர் ஓடுகிற ஓட்டத்தில் யாருக்கும் எண்ணைப் படிக்க முடியவில்லை. நின்றபோது ஜெரால்டுதான் முதலில் படித்தான்.

“நாப்பத்தி ரெண்டாயிரம்! ஏ யப்பா, இது விளையாட்டா வெடிக்கட்டா?”

முதலில் கை கொடுத்தவனும் அவன்தான்.

“நீ போனத் தராம இருந்திருந்தா சும்மாவே ஜெயிச்சிருக்கலாமே,” என்றான்.

“ஜெயிச்சிருக்கலாம். ஆனா நான் நல்லா ஆடுதேனான்னு எனக்கே தெரிஞ்சிருக்காதுல்லா?”

ஜாபேஸ் கழுத்தைச் சொறிந்தான். “இசக்கி, நேத்து நான் கொஞ்சம்...”

“கொஞ்சமா?” என்றாள் ஜெபசுதா.

“சரி, ரொம்பத்தான். நீ டீம்ல இரு. எப்பவும் இரு. போதுமா?”

போட்டி ஆறு மணிக்கு. ஆனால் ஞாயிறு ஆறு மணி என்றால் கடையில் கூட்டம் அலைமோதும். “போனக் குடுத்துட்டு எடை போட வா!” என்று அப்பா கூப்பிட்டார். இசக்கிசெல்வி திகைத்து நின்றாள். அதற்குள் ஜெரால்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடைக்குள் ஏறிவிட்டான்.

“அண்ணாச்சி, நான் எடை போடுதேன். ஆர்டர் வந்தா அவ படியில இருந்து சொல்லுவா, நான் இங்கன கட்டிருவேன்.”

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். “சாயர்புரத்துப் பயலா? கருப்பட்டி எது, வெல்லம் எதுன்னு தெரியுமா?”

“மோந்து பாத்தே சொல்லிருவேன்!”

அப்புறம் அந்தத் தெருவில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே. மாடிப்படியில் மூன்று தலை, மூன்று போன். “நாலு சங்கு சேந்துட்டு... யப்பா, கால் கிலோ சீனி! ... ஜெபசுதா, உன் சுறாவ இப்பம் விட்டுராத... ஜெரால்டு, சீனியோட நூறு கடுகு!” என்று இசக்கிசெல்வியின் குரல் தெருமுனை வரை கேட்டது. “சின்ன அண்ணாச்சி, எனக்கும் ஒரு சோப்பு,” என்றார் ஆறுமுகத்தாய். ஜெரால்டு மேலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

முதல் இடம் ஏரல் அணிக்குப் போனது. மில்லர்புரம் முத்துகளுக்கு இரண்டாம் இடம். “ஏரல்காரங்க எப்படிட்டி ஆடியிருப்பாங்க!” என்று வாயைப் பிளந்துகொண்டு, நான்கு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டு அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மிச்ச முறுக்கு காலியாகும் வரை பார்த்தார்கள்.

கதை அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் வந்தவருக்கெல்லாம் கொடுக்கச் சோறும், பகிர்ந்து கடிக்க முறுக்கும், கூடவே உட்கார்ந்து ஆட நல்ல கூட்டாளிகளும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.