மீதி எங்கிருந்து வருகிறது

“ரெண்டும் ஒரே மாதிரின்னா, எதுப்பா நிஜம்?” என்று மகள் முன்பொரு நாள் கேட்டாள். லினக்ஸ் கணினியில் இரண்டு டிஸ்க்குகளை ஜோடி சேர்த்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி செய்வதை அவன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ரெண்டும் நிஜம்தான்டா கண்ணு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு எழுந்து ஓடும்.”

மகள் இப்போது இல்லை. அவள் பாடியதும் சிரித்ததும், டக் டக்கென்று முனகும் பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தன. மனைவியின் தம்பி, யாரும் கேட்காமலே புது டிஸ்க் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல மனசு.

அந்தி நேரம். இரண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்த்து, பழையதைப் புதியதில் நகலெடுக்க விட்டிருந்தான். வெளியே மழை, அறையில் சூடேறிய தூசியின் வாடை, அடுக்களையில் பாத்திரம் கழுவியபடி மனைவி முணுமுணுக்கும் பாட்டு. ‘முடிந்தது’ என்று திரையில் வந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை மட்டும் வைத்து எழுப்பினான். எழுந்தது. பிறகுதான் உறைத்தது. நகல் முடிந்தது, கணினியை எழுப்பும் சின்னத் துவக்கப் பகுதிக்கு மட்டும். குரல்கள் இருந்த பெரிய பகுதி பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை. பழையதை மறுபடி மாட்டினான். அது சுழலவேயில்லை. கழற்றி மேசைமேல் வைத்தான்.

அழுகை வரவில்லை. வெகுநாளாகவே வருவதில்லை.

ஆனால் திரையில் நகலின் சதவீத எண் ஏறிக்கொண்டிருந்தது.

மைத்துனனைப் போனில் அழைத்தான். “நகல் இன்னும் ஓடுதுடா.”

“ஒத்தை டிஸ்க்க வச்சுக்கிட்டா? எதைப் பார்த்து எழுதுது மாமா, உங்க மூஞ்சியப் பார்த்தா?” சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “மாமா... ஒயரைப் பிடுங்கிடுங்க.”

மகளின் அறைக்குள் போய்ப் பார்த்தான். காலையில்கூடச் சுவரில் இருந்த, அவள் கிறுக்கிய கோடுகள் இல்லை. தலையணையில் மிச்சமிருந்த அவள் வாசனையும் இல்லை.

எண் ஏறியது.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. “அப்பா, இங்க தனியா இருக்கேன்பா.”

அவள் ஒருநாளும் பதிவு செய்யாத வார்த்தை.

ஓடி வந்து ஒயரைப் பிடித்தான். அடுக்களையில் பாட்டு நின்றது.

“ஏம்மா?” என்று மனைவியைக் கூப்பிட்டான்.

குழாய் மட்டும் ஓடியது.

பாட்டு தொடர்ந்தது. ஸ்பீக்கரில். மகள் சிரித்தாள்.

கூடவே இருப்பேன் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த சொல் ஒன்று பாக்கி இருந்தது. ஒயரை விட்டான். கடவுளே என்று ஒருமுறை சொன்னான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினிப் பெட்டியின்மேல் கை வைத்து உட்கார்ந்தான்.

எண் ஏறியது.

கைக்கு அடியில் இருந்த பச்சை விளக்கு கை வழியே தெரிந்தது.

பிறகு, விளக்கு மட்டும்.